மூன்று தடவை அலம்பிய பிரஷ்

மானத்துக்கு விலை கிடையாது என்று யார் சொன்னது? ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். வரி உள்பட.

தம்பானூரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடி ஹாலில் ஆர்ஷா அந்த விலையை மேசைமேல் எண்ணி வைத்தாள். ஐந்நூறு ஐந்து, நூறு மூன்று. பேரம் பேசவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு கிலோ வெங்காயத்துக்கு நாலு ரூபாய் குறைக்கக் கால் மணி நேரம் நிற்கிறவள்... மானம் என்று வந்தபோது சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டாள்.

எதிரே இருந்தவன் ஸ்ரீநிவாஸ். கரமனை அக்ரஹாரத்துப் பையன், டெக்னோபார்க்கில் வேலை. கையில் ஈரம் சொட்டும் ஒரு சின்ன பிரஷ். முகத்தில் ஈயாடவில்லை.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்வரை இவனுடைய கண்கள் அழகாக இருந்தன. அவளுடைய கோபத்திலேயே பெரிய கோபம் அதுதான்.

நடந்தது இது.

மழை. தம்பானூரில் மழை என்றால் ஸ்டேஷன் வாசலில் முழங்கால் தண்ணீர். ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, நனைகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்ஷா செருப்பை ஒரு கையிலும், பெரிய அட்டைப்பெட்டியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள்.

விண்வெளிச் சண்டை விளையாட்டுப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற ஹால் அது. கட்டைவிரல் உயரத்துச் சிப்பாய், உள்ளங்கை அளவு டாங்கி, இடிந்துபோன வேற்றுக்கிரகத்து ஊர்... மேசைமேல் பரப்பி விளையாடுவதற்கு. இருபது பேர் வர வேண்டிய இடத்தில் அன்றைக்கு ஆறு பேர்.

கூட்டம் நடத்தும் விஜய்குமார் கையைத் தட்டினார். "வந்தவங்க ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க. ரெண்டு ஞாயிறு கழிச்சு இதே ஹால்ல கண்காட்சி. ஜோடிக்கு ஒரு காட்சி. ஆளு பத்தலைன்னு யாரும் புலம்பாதீங்க, மழைகிட்ட சொல்லுங்க."

ஆர்ஷாவுக்கு இதுதான் முதல் வருகை. பாப்பனங்கோட்டில் அவளுடைய அப்பா ஞானசிகாமணிக்குக் கார் பெயிண்டு அடிக்கிற ஷெட். ஸ்பிரே கன் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். பி.காம். முடித்த கையோடு ஹெல்மெட்டுக்கும் புல்லட் டாங்குக்கும் ஏர்பிரஷ்ஷில் படம் போட ஆரம்பித்து, அப்படியே இந்தப் பொம்மைகளில் வந்து விழுந்தாள். காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான்.

தலையில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தான். அதற்குள்ளே ரெண்டு கண்கள்... ஒவ்வொன்றும் பலாக்கொட்டை அளவு. இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். கருவிழியின் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு வளையம்... இந்த நிறத்தை எதோடு எதைக் கலந்து வரவழைப்பது என்று அவள் மனம் கணக்குப் போட்டது. தொழில் புத்தி.

"உக்காருங்கோ" என்றான்.

"கண்ணு நெசமாவே இத்தற பெரிசா, இல்ல கண்ணாடியா?"

"கழட்டினா பாதிதான்."

"பாதியே போதும்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் காது சிவந்தது. கண்ணாடியைக் கழற்றினான். பாதி என்று சொன்னது பொய். முக்காலாவது இருக்கும்.

அவன் முன்னால் ஒரு சரக்கு விண்கப்பல். ஒரு முழ நீளம். மூக்கு நசுங்கி, ஒரு இறக்கை ஒடிந்து... ஆனால் பெயிண்ட்! ஏர்பிரஷ்ஷில் படிப்படியாக நிழல் ஏற்றி, ஒரு தூசி இல்லாமல், வழுக்கிக்கொண்டு பளபளத்தது.

"இது விழுந்து எத்தற வருஷம்?"

"முந்நூறு."

"எங்க விழுந்துது, ஷோரூம்லயா?"

சிரித்துவிட்டான். "அதான் என் கஷ்டம், கேட்டேளா. ஸ்பிரே எல்லாம் ஒழுங்கா வரும். அழுக்குப் பண்ணத்தான் மனசு வரமாட்டேங்கறது. துரு, சேறு, எண்ணெய்க் கறை... எங்க ஆத்துல அதெல்லாம் பாத்ததே இல்லை."

"எங்க வீட்டுல அது மட்டுந்தான் உண்டு" என்று ஆர்ஷா அட்டைப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே அவள் செய்த நிலம். செம்மண் பாளம் பாளமாக வெடித்த, ஆள் இல்லாத ஒரு கிரகத்தின் தரை. நடுவில் நீளமாக ஒரு பள்ளம். பேசி வைத்ததுபோல, எதுவோ வந்து விழுவதற்காகவே காத்திருக்கிற பள்ளம்.

அவன் கப்பலைத் தூக்கி அந்தப் பள்ளத்துக்கு மேலே பிடித்தான். அப்படியே பொருந்தியது. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்... வெளியே மழை ஒரு படி கூடியது.

அப்புறம் ஒரு மணி நேரம் எப்படிப் போனதென்று தெரியாது. புதுசைப் பழசாக்குகிற வேலையில் ஆர்ஷாவின் கை ஒரு திருட்டுக் கை. கிழிந்த ஸ்பாஞ்சுத் துண்டில் பழுப்பு நிறத்தைத் தொட்டு விளிம்புகளில் ஒற்றினாள். முந்நூறு வருஷத்தில் நூறு அங்கேயே வந்துவிட்டது. இனி ஜன்னலுக்குக் கீழே துரு வழிய வேண்டும், தலைமுடி கனத்தில். அவளுடைய பிரஷ் பஸ் நெரிசலில் வளைந்து போயிருந்தது.

அவன் ஒரு வெல்வெட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். "ரெண்டாயிரத்து எண்ணூறு. மரநாய் இனத்துல ஒண்ணு, அதோட வால் மயிராக்கும். ஜாக்கிரதை."

அவள் நீரில் தொட்டாள். நிறத்தில் தொட்டாள். யோசிக்காமல் நுனியை உதட்டில் வைத்து ஒரு உருட்டு. இந்த வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ள பழக்கம். எனாமல் பெயிண்டு என்றால் வாய்ப்பக்கம் கொண்டுபோகமாட்டார்கள். இது தண்ணீரில் கரைகிற அக்ரிலிக். உதட்டில் வைத்தால் மயிரெல்லாம் கூடி ஊசிமுனை வந்துவிடும். கோடு இழுத்தாள். துரு அழகாக வழிந்தது.

"இந்தாங்க. அடுத்த ஜன்னல் உங்களுக்கு."

அவன் பிரஷ்ஷை வாங்கினான். ரெண்டு விரலால். எழுந்தான். ஹாலின் கோடியில் இருந்த குழாயடிக்குப் போனான். அங்கே ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது, அதில் எல்லாம் தெரிந்தது. பிரஷ்ஷை அலம்பினான். சோப்பு போட்டு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை. அப்புறம் கையையும்.

திரும்பி வந்து உட்கார்ந்தவனிடம் ஆர்ஷா மெதுவாகக் கேட்டாள். "என்ன செய்தீங்க?"

"ஒண்ணுமில்லை... எச்சல் பட்டுடுத்து. அலம்பினேன்."

மழை பெய்கிறது என்று சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னான்! கொஞ்சம் தயங்கியிருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பாள்.

"மூணு தடவையா?"

"அது..."

"மரநாய்க்கு வாலு எங்க இருக்கும்னு தெரியுமா? அதுக்குப் பக்கத்துல என்ன இருக்கும்னு தெரியுமா? அந்த மயிரு உனக்குப் பெட்டியில வச்சுப் பூட்டுற பொருளு. என் வாயி உனக்குத் தீட்டு, இல்லியா?"

'நீங்க' போன இடம் தெரியவில்லை. மற்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். விஜய்குமார் ஓடி வந்தார். "மோளே, அவன் சுத்தம் பாக்குற ஆளு... கிருமி, சளி, அந்த மாதிரி..."

"அண்ணாச்சி, கிருமிக்குப் பேரு எச்சின்னு எப்பத்திலருந்து?"

அப்போதுதான் பர்ஸைத் திறந்தாள். முந்தின நாள் ஒரு ஹெல்மெட்டுக்குக் கழுகு வரைந்து வாங்கிய பணம். எண்ணி வைத்தாள். "புதுசு வாங்கிக்க. யாரு வாயும் படாத மரநாயாப் பாத்து வாங்கு."

நிலத்தைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கப்பல் விழ இடமில்லாமல் மேசையிலேயே கிடந்தது.

பாப்பனங்கோடு பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரை மூடியும் மழை உள்ளே தெறித்தது. 'எச்சல் பட்டுடுத்து'... பல்லைக் கடித்தாள். எத்தனை மென்மையான குரல்! திட்டினவனைத் திருப்பித் திட்டலாம். சிரித்த முகத்தோடு கை கழுவுகிறவனை என்ன செய்வது? அந்தக் கண்ணை வேறு ரசித்தாயே மூதேவி, என்று தன்னையே வைதாள்.

விஜய்குமாரிடம் நம்பர் வாங்கி ஸ்ரீநிவாஸ் அனுப்பிய செய்தி ராத்திரிக்குள் வந்தது. 'ஸாரி. நான் யார்கிட்டேயும் அப்படித்தான். அம்மா டம்ளர்ல கூட வாய் வெக்கமாட்டேன்.'

பதில் எழுதினாள். 'அப்ப போய் அம்மாவையும் மூணு தடவை அலம்பு.'

அடுத்த சனிக்கிழமை, கொட்டுகிற மழையில், ஷெட் வாசலில் குடையோடு நின்றான். கையில் ஒரு கவர். ஆர்ஷா ஒரு மாருதியின் கதவுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காததுபோல இன்னும் ரெண்டு தேய்ப்பு தேய்த்தாள். கதவு தேவைக்கு மேலேயே வழுவழுப்பாகிவிட்டது.

ஞானசிகாமணி முகமூடியைக் கீழே இறக்கினார். "ஆரு மக்ளே?"

"பிரஷ் அலம்புற ஆளு."

"ஓ..." என்றார் அவர். விஷயம் ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். "வாரும் தம்பி. மழையில நிக்காண்டாம். சாயா குடியும்."

கண்ணாடி கிளாஸில் ஆவி பறக்கும் சாயா. ஸ்ரீநிவாஸ் நன்றி சொன்னான். தலையை அண்ணாந்தான். கிளாஸை உயரத் தூக்கினான். ஊற்றினான்.

பாதி வாயில். மீதி சட்டையில். கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை.

"தம்பி, சாயா வாயிக்கு" என்றார் ஞானசிகாமணி வருத்தமாக. "சட்டை குடிக்காது."

ஆர்ஷாவுக்குச் சிரிப்பு முட்டியது. விடவில்லை. உப்புத்தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தேளா?" என்றான் அவன், வெந்த நாக்கோடு. "ஆபீஸ்ல என்னை வெள்ளச்சாட்டம்னு, அதான் அருவின்னு, கூப்பிடறா. பழக்கம். உங்களை நெனச்சுப் பண்ணலை... சத்தியமா."

"பழக்கந்தான். ஒத்துக்கிடுதேன். ஆனா அந்தப் பழக்கம் மொதல்ல ஆர நெனச்சு வந்துது? அதைச் சொல்லு." அவள் எழுந்து நின்றாள். "எங்க அப்பாவுக்க அப்பா உங்க தெருவுக்கு ஓடு மாத்தப் போவாரு. தாகம் எடுத்தா கையைக் குவிச்சு நிக்கணும். மேலருந்து ஊத்துவாங்க, செம்பு கையில பட்டிரக் கூடாதுன்னு. உன் கை அந்தச் செம்பைத்தான் இன்னும் பிடிச்சுட்டு நிக்குது. உனக்குத் தெரியல, அவ்வளவுதான்."

ஞானசிகாமணி எழுந்துபோய்க் கம்ப்ரஸரைப் போட்டார். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் செய்வது அதுதான். மெஷின் கடகடவென்று ஷெட்டை நிறைத்தது. மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காற்று நிரம்பி மெஷின் தானாக நின்றது.

"நீங்க சொன்ன செம்பு நெஜந்தான்" என்றான் ஸ்ரீநிவாஸ். "கை தானாப் போச்சு. யோசிச்சிருந்தா போயிருக்காது. யோசிக்காமயே போறதே... அதுதான் எனக்கு இப்போ பயமா இருக்கு."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. சமாதானம் சொல்லுவான், அதை எப்படிக் கிழிப்பது என்று ஒரு வாரமாக வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். அத்தனையும் வீண்.

"அப்ப கைக்கு யோசிக்கச் சொல்லிக் குடு" என்றாள், கொஞ்சம் இறங்கின குரலில்.

அவன் கவரை நீட்டினான். உள்ளே அவளுடைய பணமும் பிரஷ்ஷும். பிரஷ்ஷை மட்டும் எடுத்தாள். சோப்பிலும் வெந்நீரிலும் பட்டு நுனி விளக்குமாறுபோல விரிந்திருந்தது.

"கொன்னு வச்சிருக்க."

"உயிர் வருமா?"

"பாக்கேன். ரூபாயை எடுத்துட்டுப் போ. இது நான் விலைக்கு வாங்கின சாதனம், திருப்பிக் குடுக்கமாட்டேன். கண்காட்சிக்கு என் மண்ணோட வருவேன். உன் கப்பலை அதுல வைக்க விடணுமா வேண்டாமான்னு அங்க வச்சுச் சொல்லுதேன்."

அந்த வாரம் முழுக்க அந்த மயிரை நனைத்து, உதட்டில் உருட்டி உருட்டி, முனையைத் திரும்ப வரவழைத்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் கோபமும் வந்தது. எது முன்னால் வந்தது என்று மட்டும் வரிசை குழம்பத் தொடங்கியிருந்தது...

கண்காட்சி ஞாயிறு. வெயில். ஹாலில் நிற்க இடமில்லை. ஸ்ரீநிவாஸோடு ஒன்பது கஜப் புடவையில் அவன் அம்மா மங்கலம் வந்திருந்தாள். தோளில் பை, பையில் காப்பி பிளாஸ்க். ஆர்ஷாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் மண்ணு பண்ணின பொண்ணா?"

"ஆமா, மாமி."

"என் பிள்ளையை என்னை அலம்பச் சொன்னதும் நீதானே?"

ஆர்ஷா பெட்டியைக் கீழே வைத்தாள். "ஆமா."

"ம்" என்றாள் மங்கலம். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள், நாடகம் பார்க்க வந்ததுபோல.

"இன்னும் பத்து நிமிஷம்!" விஜய்குமார் கத்தினார்.

ஸ்ரீநிவாஸ் கப்பலைத் துணியிலிருந்து பிரித்தான். முகம் வெளுத்தது. பஸ்ஸில் எங்கேயோ இடித்து, ஜன்னலுக்குக் கீழே பெயிண்டு பெயர்ந்து வெள்ளை பிளாஸ்டிக் பல் காட்டியது. அன்றைக்கு அவள் அவனுக்கு விட்ட அதே ஜன்னல். அவன் ஆர்ஷாவைப் பார்த்தான். "துரு வழிய விட்டா மறைஞ்சுடும். பிரஷ்... தரேளா?"

ஆர்ஷா பையிலிருந்து எடுத்தாள். தண்ணீரில் தொட்டாள். அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், நுனியை உதட்டில் வைத்து உருட்டினாள். நீட்டினாள்.

"இந்தா. குழாயடி அந்தப் பக்கம்."

மங்கலத்தின் முதுகு நிமிர்ந்தது.

அவன் வாங்கினான். அஞ்சு விரலாலும். பழுப்பில் தொட்டு ஒரு கோடு இழுத்தான். நன்றாக வந்தது. ரெண்டாவது தடவை தொட்டபோது நுனி பிரிந்துவிட்டது. கை நின்றது. குழாயடியைப் பார்த்தான்... அம்மாவைப் பார்த்தான்... கடைசியில் தன் கையைப் பார்த்தான், ரொம்ப நேரம், அதனிடம் ஏதோ கேட்பதுபோல.

பிரஷ்ஷை வாயில் வைத்தான்.

"ஸ்ரீநி! எச்சல்டா!"

"தெரியும்மா. தெரிஞ்சுதான்."

உருட்டத் தெரியவில்லை. பல் தேய்ப்பதுபோல உள்ளே விட்டுவிட்டான். உதடு, பல், நாக்கு எல்லாம் பழுப்பு. அந்த வாயோடேயே குனிந்து கோட்டை இழுத்தான். முந்நூறு வருஷத் துரு வெள்ளையை மூடிக்கொண்டு இறங்கியது.

ஆர்ஷா சிரித்தாள். சிரிப்பிலேயே கண் நிறைந்து... எரிச்சலாக இருந்தது அவளுக்கு. "முட்டாளே, நிறத்தைத் தொட்டுட்டா வாயில வைப்பாங்க? மொதல்ல தண்ணி, பெறவு வாயி, அதுக்குப் பெறவுதான் நிறம்!"

"அன்னிக்கு நீ நிறம் தொட்டுட்டுத்தானே வெச்சே?"

"எனக்குப் பழக்கம்!"

"எனக்கும் பழகணும்" என்றான். காது சிவந்திருந்தது. "இந்தத் தடவை கையைக் கேட்டேன், ஆர்ஷா. சரின்னுது. கேக்காமயே அது போற வரைக்கும் நீ பக்கத்துல இருந்து பாக்கணும்... எனக்கு உன்னை அவ்வளவு பிடிச்சிருக்கு. இந்தக் கப்பல் விழறதுன்னா உன் மண்ணுலதான் விழணும். இல்லேன்னா விழவே வேண்டாம்."

ஆர்ஷா பள்ளத்தில் பசை தடவினாள். கப்பலைத் தூக்கினாள். வைத்தாள். ரெண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இனி எடுக்க முடியாது கேட்டியா" என்றாள், அவனைப் பார்க்காமல். "பசை போட்டாச்சு. எனக்கும் எடுக்கணும்னு இல்ல... உன் கண்ணைப் பாத்த அன்னைக்கே இல்ல. நடுவுலதான் நீ கெடுத்துட்ட."

பரிசு வேறு யாருக்கோ போனது. ரெண்டு பேரும் கவனிக்கவில்லை.

மங்கலம் பிள்ளையைப் பார்த்து, "ஆத்துக்கு வந்ததும் வாயைக் கொப்புளி" என்றாள் ஒருமுறை. அப்புறம் பிளாஸ்க்கைத் திறந்தாள். டம்ளரில் காப்பி ஊற்றி ஆர்ஷா பக்கம் நகர்த்தினாள்.

"டம்ளர் ஒண்ணுதான் கொண்டு வந்தேன்."

"நான் வாயி வச்சுத்தான் குடிப்பேன், மாமி."

"பின்னே? சூடா இருக்கு. போன வாரம் ஒருத்தன் தூக்கிக் குடிச்சுட்டு சட்டையைப் பாழாக்கிண்டு வந்தான்."

ஆர்ஷா குடித்தாள். நிதானமாக, உதடு பட, கடைசிச் சொட்டு வரை. டம்ளரை வைத்தாள். மங்கலம் அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். ஆர்ஷா எண்ணத் தயாரானாள். கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. ஒரு தடவை அலம்பினாள். உதறினாள். பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

கணக்கு இப்படி நிற்கிறது. பிரஷ் ஒன்று, வாய் ரெண்டு: நேர். ரூபாய் ரெண்டாயிரத்து எண்ணூறு: கவரில், ரெண்டு பேரும் தொடாமல். அலம்பல், பிரஷ்ஷுக்கு மூன்று, டம்ளருக்கு ஒன்று. எந்த டம்ளருக்கும் ஒன்றுதான் வழக்கம். ஆகவே ரெண்டு வரவு.

ஞானசிகாமணியின் அப்பா கை குவித்துக் குடித்த தண்ணீர்: பாக்கி. அதை ஆர்ஷா இன்னும் தள்ளுபடி செய்யவில்லை.